டாக்டர் எழுதிக் கொடுத்த மௌனம்

போன வருஷம் தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது நாள், எட்டாம் வகுப்பு பி பிரிவில் சர்வசம முக்கோணங்களை நடத்திக்கொண்டிருந்தபோது என் குரல் நின்றுபோனது. கம்மல் ஒரு மாதமாகவே இருந்தது. மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, சித்தரத்தை, உப்பு போட்ட வெந்நீர் என்று வீட்டு வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அன்றைக்கு வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள், முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, என் குரல்நாண்களை எனக்கே திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு நாடாக்கள், இரண்டிலும் எதிரெதிரே சின்னதாக ஒரு தடிப்பு. ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போதே இந்த நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமாம். கத்திப் பேசப் பேச மோதுகிற இடம் காய்த்துப்போகும், மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு வருகிற மாதிரி. வாத்தியார்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் சகஜம் என்றார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், வீக்கம் வடியட்டும், பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, அப்புறம் குரல் பயிற்சி. "குசுகுசுன்னும் பேசாதீங்க டீச்சர், அது இன்னும் கெடுதல்." சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

மௌன விரதம் இருந்து மனசு தெளிந்த கதையை நிறையப் பேர் எழுதிப் படித்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் வேண்டித் தேடிப் போனவர்கள். எனக்கு இது மருந்துச் சீட்டில் வந்தது, அதனால் முதல் மூன்று நாள் எப்படி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நரகம். மகளிடம் "தலை பின்னிக்கோ" என்று சொல்ல ஒரு நோட்டை எடுத்து, பேனாவைத் தேடி, எழுதி முடிப்பதற்குள் அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விடுவாள். குக்கர் மூன்று விசில் வந்தும் யாரும் அடுப்பை அணைக்கவில்லை என்றால் நானே ஓட வேண்டும். வாய்தான் மூடியிருந்தது, வாட்ஸ்அப்பில் என் கட்டைவிரல் பள்ளிக்கூடத்துக் கூச்சலைப் போட்டுக்கொண்டிருந்தது. இதைவிட மோசம் மண்டைக்குள். லீவு கேட்டதற்கு நிர்வாகத்தில் ஒருவர், "மத்த டீச்சருங்க எல்லாம் பேசத்தானே செய்றாங்க" என்று சொன்னார். அதற்கு அந்த இடத்தில் பதில் சொல்ல முடியாமல் வந்தேன் இல்லையா, அந்தப் பதிலை மூன்று நாளாகத் தயார் செய்தேன். குளிக்கும்போது ஒரு மாதிரி, ராத்திரி படுக்கையில் இன்னொரு மாதிரி, ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கூர்மையாக. பேசாதவளின் தலைக்குள் இவ்வளவு பேச்சு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான்காவது நாள் காலையில் என் கணவர், "பேசாம உன்னைக் கொண்டுபோய்ச் சமணர் மலையில விட்டுர்றேன்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் நோட்டில் பெரிய எழுத்தில் 'சரி' என்று எழுதிக் காட்டினேன்.

மதுரைக்காரர்களுக்குக் கீழக்குயில்குடிச் சமணர் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இடதுபுறம் பிரிந்து போனால், வயல்களுக்கு நடுவில் ஒரு யானை படுத்திருக்கிற மாதிரி வழுவழுவென்று ஒரு பாறைமலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், விழுது விட்ட பெரிய ஆலமரங்கள், ஐயனார், கருப்பசாமி. ஞாயிற்றுக்கிழமை என்றால் வாக்கிங் வருகிறவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிற ஜோடிகள், கிடா வெட்டு, மைக் செட் என்று திருவிழாவாக இருக்கும். புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு யாருமே இல்லை. இரண்டு குரங்குகள் என் பையைப் பார்த்தன.

கருப்பசாமி கோவில் பக்கத்திலிருந்து பாறையிலேயே படி ஏறிப் போனால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகள். பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்புப் படம், பாகுபலி காலில் கொடி சுற்றியபடி நிற்கிறார். ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியவை, கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்துவைத்தவர்களின் பெயர். சிலைகளைப் பற்றி எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. எதிரே இருந்த பாறையில் உட்கார்ந்தேன். முந்தின வாரத்து மழையில் சுனை நிறைந்திருந்தது. கீழே வயலில் ஆள்காட்டி ஒன்று யாரையோ காட்டிக்கொடுத்துக் கத்திக்கொண்டே இருந்தது, தூரத்தில் செண்பகப் பறவையின் ஊப் ஊப், எனக்குப் பின்னால் தவிட்டுக்குருவிக் கூட்டம் குழாயடிச் சண்டை மாதிரி ஓயாமல். காடு என்றால் அமைதி என்பதெல்லாம் வெளியே வராதவர்கள் சொல்வது. ஒரே வித்தியாசம், இத்தனை சத்தத்தில் ஒன்றுகூட என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இதை நான் உடனே கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் நாள் மூன்று மணி நேரமும் அந்த நிர்வாகி மனிதருக்கான பதிலைத்தான் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே சாமி கும்பிட்டேன். சாமி கும்பிடுவதும் பேச்சுதானே. மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போனால் என்னிடம் ஒரு பட்டியல் இருக்கும், மகள் படிப்பு, வீட்டுக் கடன், அத்தையின் முழங்கால், அந்தந்த மாதத்தில் சேர்ந்த சில்லறைகள். இங்கேயும் பழக்கதோஷத்தில் பாறையில் இருந்த தீர்த்தங்கரரிடம் பட்டியலை எடுத்தேன். அப்போதுதான் கல்லூரிக் காலத்தில் எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்தது. தீர்த்தங்கரர்கள் வரம் கொடுக்கிறவர்கள் இல்லை. அவர்கள் கரையேறிப் போய்விட்டவர்கள், விருப்பும் வெறுப்பும் அற்றவர்கள். அவர்களைக் கும்பிடலாம், அவர்கள் நடந்த வழியை நினைக்கலாம், ஆனால் மகளுக்கு நல்ல மார்க் கேட்டால் அந்தக் காதில் ஏறாது. கேட்க ஒன்றும் இல்லை, கேட்டாலும் கிடைக்காது. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, அப்புறம் என்னமோ தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது தடவை போனபோதுதான் அது நடந்தது. 'நடந்தது' என்ற சொல்லே கொஞ்சம் அதிகம். பாறை வெடிப்பில் எறும்புகள் ஒரு தும்பியின் இறக்கையை இழுத்துக்கொண்டு போயின. இறக்கை பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நிற்க, காற்று அடிக்கும்போதெல்லாம் எறும்போடு சேர்ந்து சாயும், மறுபடி நிமிரும். பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் முதுகில் சுட்டபோது நிமிர்ந்தால், நிழல் பாறையின் அந்தப் பக்கம் போயிருந்தது. ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் மண்டைக்குள் ஒரு வாக்கியம்கூட ஓடவில்லை என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது. உறைத்த அந்த நொடியே, இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தொடங்கிவிட்டது, அது வேறு விஷயம். ஒளி எதுவும் தெரியவில்லை, உடம்பு லேசாகி மிதக்கவில்லை, கண்ணீர் பெருகவில்லை. பதில் சொல்லிக்கொண்டே இருந்த ஒருத்தி கொஞ்ச நேரம் எழுந்து எங்கோ போயிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அன்று மதியம் நான் தூங்கிய தூக்கம் எத்தனையோ வருஷங்களில் தூங்காதது.

ஆடு மேய்க்கிற அந்தப் பாட்டியை இரண்டாவது நாளே பார்த்திருந்தேன். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்று ஒரு குகை, வெளியே பாறையில் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருப்பார். நீளமான காது, சாந்தமான முகம். அந்தக் காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள், குகைக்கும் அதுவே பெயர். உள்ளே சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிற ஓர் இயக்கி, சமணர்களின் பெண் தெய்வம், இருக்கிறாள், அவசியம் பார்க்க வேண்டியவள், வகுப்பில் அவளை மாதிரிதான் நான் நிற்பேன். அந்தக் குகை வாசலில் உட்கார்ந்திருந்தபோது பாட்டி வந்து, "ஏத்தா, தனியாவா வந்த?" என்றது. நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். "அடப் பாவமே, ஊமையா?" இல்லை என்று எப்படிச் சொல்வது? நோட்டை நீட்டினால் அதற்கு எழுத்துத் தெரியாது. ஊமையாகவே இருந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் அந்தப் பாட்டி என்னிடம் சொன்னதெல்லாம் இங்கே எழுத முடியாது. பதில் சொல்ல முடியாதவள், வெளியே போய்ச் சொல்லவும் முடியாதவள் என்று நம்பி ஒரு மனுஷி திறந்து வைத்ததை நான் ஊரறிய விரிப்பது நியாயமில்லை. மருமகள் விஷயம், செத்துப்போன மூத்த மகன் விஷயம், ஒரு நிலத் தகராறு. இருபது வருஷ வாத்தியார் வேலையில் ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இடையில் ஏழெட்டு இடத்தில் எனக்கு ஆலோசனை வாய் வரைக்கும் வந்தது. மூன்றாவது நாளுக்குள் அதுவும் வரவில்லை. பாட்டி மடியிலிருந்து அவித்த கடலையை எடுத்து என் கையில் போடும், தானும் தின்னும், பேசும், நடுவில் நிறுத்திவிட்டு ஆட்டைப் பார்க்கும். அந்த நிறுத்தத்தை எதைக்கொண்டாவது நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது எனக்கே ஆச்சரியம்.

தனியாக ஒரு பெண் மலையில் போய் உட்காருவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இயற்கையில் கரைந்துபோனவர்கள் எழுதுவதில் இது வருவதில்லை. நான் கரைவதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டியிருந்தது. யார் வருகிறார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் இறங்கலாம், போனில் சிக்னல் இருக்கிறதா. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக ஆசைப்பட்டேன், கணவர் விடவில்லை, அவர் சொன்னதும் சரிதான். ஒரு நாள் மூன்று பையன்கள் பாட்டிலோடு ஏறி வந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நான் எழுந்து பாட்டி இருக்கும் பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு முழுக்க எறும்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. பாட்டியும் அதன் ஆடுகளும் இல்லாவிட்டால் எனக்கு இந்த மௌனமே கிடைத்திருக்காது.

இந்த எண்ணம்தான் என்னைக் கொங்கர் புளியங்குளம் வரைக்கும் கொண்டுபோனது. எட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, கணவரும் மகளும் கூட வந்தார்கள். திருமங்கலம் போகிற ரோட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே குகையில் வரிசை வரிசையாகக் கல் படுக்கைகள், ஐம்பதுக்கும் மேல். தலை வைக்கிற இடத்தில் தலையணை மாதிரி கொஞ்சம் மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். குகைக்கு மேலே பாறை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டு, மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு. சமணத் துறவிகள் ஓரிடத்தில் தங்குகிறவர்கள் இல்லை, நடந்துகொண்டே இருக்கிறவர்கள். மழைக்காலத்தில் மட்டும் தங்கிவிடுவார்கள், மழையில் புல்லும் புழுவும் பெருகும், நடந்தால் மிதிபடும் என்று. அந்த நாலு மாதத்துக்கான இடம் இது. நான் ஒரு படுக்கையில் படுத்துப் பார்த்தேன். நல்ல குளிர்ச்சி. ஐந்தே கால் அடி எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

அந்தக் காடிக்குப் பக்கத்தில் தமிழ்ப் பிராமியில், அதாவது தமிழை எழுதிய மிகப் பழைய வரிவடிவத்தில், எழுத்து இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் படித்துச் சொன்னதன்படி, அதில் ஒன்று, உபாசன் உபறுவன் என்பவன் இதற்குக் கூரை வேய்ந்து கொடுத்தான் என்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குக் கூடக்குறைய முன்னால் யாரோ ஒருவன் ஓலையோ புல்லோ சுமந்துகொண்டு இந்த மலை ஏறியிருக்கிறான். கூரை என்றைக்கோ மக்கிப் போய்விட்டது, பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், பேச முடியாதவளுக்குப் படிக்க நிறைய நேரம். மேலூர்ப் பக்கம் மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில் 1882-ல் ராபர்ட் சீவெல் பார்த்த கல்வெட்டுகள், தமிழில் நமக்குக் கிடைத்திருப்பவற்றிலேயே மிகப் பழையவற்றுள் சில. நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குத் தங்கும் பள்ளி வெட்டிக் கொடுத்தது, வெள்ளறை வணிகர் கூட்டம் கொடுத்தது என்று அதில் வருகிறது. அரிட்டாபட்டியில் நெல்வேலிச் செழியன் அதினன் வெளியன் குகை வெட்டிக் கொடுத்தான். நம் பேச்சிப்பள்ளத்திலேயே, நான் ஒரு வாரமாக எதிரே உட்கார்ந்திருந்த வரிசையில் ஒரு திருமேனியை, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்ததாக வட்டெழுத்து சொல்கிறது. ஊர் ஊராக மலை மலையாகத் திரிந்த ஒரு பெரிய துறவி, அவருக்கு ஓர் அம்மா.

நந்தாசிரியனும் அச்சணந்தியும் மாதிரிச் சில துறவிகளின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் படுக்கைகளில் மழைக்காலம் முழுக்க வாய் மூடிக் கிடந்த பெரும்பாலானவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. கல்லில் இருப்பது முக்காலும் கொடுத்தவர்களின் பெயர்தான். வெட்டிக் கொடுத்தவன், கூரை போட்டவன், பொன் கொடுத்தவன், காசு கொடுத்தவள். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, அப்புறம் சுருக்கென்று இருந்தது. நான் பேச்சிப்பள்ளத்தில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்த காலை நேரங்களில் வீட்டில் இட்லி ஊற்றியது யார்? அத்தை. அறுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி. மகளுக்குத் தலை பின்னி, டப்பா கட்டி, கேஸ் சிலிண்டர்காரனிடம் கத்தி, வீட்டுக்கு வந்த பள்ளிக்கூட அழைப்புகளுக்கு "அவளுக்குப் பேச்சு வராதுங்க" என்று பதில் சொல்லி, பால் கணக்குப் பார்த்து. நான் பேசாமல் இருந்த பத்து நாளும் எனக்கான பேச்சை எல்லாம் சேர்த்து அவர்தான் பேசியிருக்கிறார். நான் மலையிலிருந்து இறங்கி வரும்போது முகத்தில் கொஞ்சம் சாந்தத்தையும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பேன், நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பள்ளி என்றால் படுக்கை என்பது எனக்குத் தெரியும், பெருமாள் பள்ளிகொள்கிறார் என்கிறோமே. துறவிகள் தங்கும் இடத்துக்கும் அதுதான் பெயர். அங்கே பாடமும் நடந்ததால்தான் பள்ளிக்கூடம் என்ற சொல் வந்தது என்பார்கள். சமணர் மலைக் கல்வெட்டுகளில் குரண்டிப் பள்ளியின் மாணாக்கர்களும் வருகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் கத்தித் தொண்டை போனதோ அதன் பழைய வீட்டில் போய்ப் படுத்திருக்கிறேன் என்று கணவருக்கு எழுதிக் காட்டினேன். "அங்க எத்தனை பிள்ளைக ஒரு கிளாஸ்ல இருந்திருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பத்து நாள் முடிந்தது. டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்து, வீக்கம் வடிந்திருக்கிறது, தடிப்பு இன்னும் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். முதல் வார்த்தை என்ன பேசுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் எண்பது ரூபாய்க்கு நூற்றைம்பது கேட்டார், முதல் வார்த்தை அதற்குப் போய்விட்டது. குரல் பயிற்சி மூன்று மாதம் நடந்தது. வகுப்பில் இப்போது சின்னதாக ஒரு மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன், பிள்ளைகள் முதல் வாரம் 'பஸ் கண்டக்டர்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நிர்வாகி மனிதருக்கு நான் தயாரித்த பதில் என்ன ஆனது என்று கேட்டால், அவரை நேரில் பார்த்தபோது அதில் பாதி மறந்துபோயிருந்தது, மீதியைச் சொல்ல சோம்பலாக இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. குரலை மிச்சப்படுத்தினேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அரிட்டாபட்டிக்கும் குடும்பத்தோடு போனோம். மேலூர் ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். குன்றுகளும் கண்மாய்களுமாக ஒரு ஊர், குகை, குடைவரைச் சிவன் கோவில், மேலே வட்டம் போடுகிற வல்லூறு. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-ல் அரசு அறிவித்த இடம். கண்மாய்க் கரையில் உட்கார்ந்தால் எங்கள் மலையைவிட அமைதி, ஞாயிற்றுக்கிழமைகூட. இங்கே டங்ஸ்டன் எடுக்க விட்ட சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டதும், சுற்று வட்டார ஊர்கள் எல்லாம் திரண்டு, 2025 ஜனவரியில் மதுரைக்கே ஊர்வலமாக வந்து முழக்கம் போட்டதும், அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் எல்லோருக்கும் தெரியும். அன்று கோரிப்பாளையம் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனவர்களில் நானும் ஒருத்தி, பஸ்ஸில் இருந்தபடி முணுமுணுத்தவளும்தான். இப்போது அந்தக் கண்மாய்க் கரையில் நான் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது என்றால் அவர்கள் அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியதால்தான். எத்தனை பேருக்குக் குரல் கம்மியிருக்குமோ.

அமைதி வேண்டும் என்று மலைப் பிரதேசத்தில் மூன்று நாள் மௌன முகாமுக்குப் பதினெட்டாயிரம் கட்டிவிட்டு வந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். நன்றாகத்தான் இருந்ததாம், கஞ்சி நன்றாக இருந்ததாம். நான் குறை சொல்லவில்லை. அங்கேயும் கஞ்சி காய்ச்ச யாரோ நாலு மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று மட்டும் எனக்கு உடனே தோன்றியது. இப்போதெல்லாம் இப்படித்தான் தோன்றுகிறது, இது ஒரு வியாதி.

ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை போகிறேன், ஆறரைக்கு ஏறி ஒன்பதரைக்கு இறங்கிவிடுவேன், அதற்கு மேல் பாறை சுடும். எறும்பு நாள் மாதிரி மறுபடி ஒன்றிரண்டு தடவைதான் வாய்த்தது. மற்ற நாட்களில் ஃபார்முலாவும் பீஸ் கட்டாதவர்கள் பட்டியலும்தான் ஓடுகின்றன, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். பாட்டிக்கு நான் ஊமை இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்து, "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்றேன். அது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கருப்பன் குடுத்துட்டானா?" என்று மலையடிவாரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. டாக்டர் என்று விளக்கப் போய், விட்டுவிட்டேன். அதற்கு அப்புறம் பாட்டி என்னிடம் முன்னே மாதிரிப் பேசுவதில்லை. மழை, ஆடு, விலைவாசி, அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன மாதம் ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அத்தை, "ஏம்மா, அந்த டாக்டரு எனக்கும் பத்து நாள் பேசக்கூடாதுன்னு எழுதிக் குடுப்பாரா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் ஐந்து மணிக்கு எழுந்து இட்லிக்கு அடுப்பு பற்ற வைத்தேன், கணவர் அத்தையை வண்டியில் உட்கார வைத்துக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போனார். முழங்கால் வலியோடு படி ஏற முடியாது, செட்டிப்புடவுக்கும் ஏறிப் பார்க்க முடியாது, ஆலமரத்தடியில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பிளாஸ்க் காப்பி, ஒரு துண்டு, சாய்ந்துகொள்ள ஒரு தலையணை. யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு.

பத்தரைக்குத் திரும்பி வந்தார். முகம் அப்படியே தெளிந்திருந்தது, நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். "அமைதியா இருந்துச்சா அத்தை?" என்று கேட்டேன்.

"எங்க அமைதி, ஆடு மேய்க்கிற அக்கா ஒண்ணு வந்துச்சு. கருப்பாயூரணிப் பக்கம் எங்க பெரியம்மா ஊர்லதான் கட்டிக் குடுத்திருந்தாகளாம். மூணு மணி நேரம் ரெண்டு பேரும் வாயே மூடல" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவித்த கடலையை மேஜை மேல் கொட்டினார்.